காட்டுப்பூண்டு: பறிப்பது முதல் அரைப்பது வரை

ஐரோப்பாவின் ஈரமான இலையுதிர் காடுகளில் மார்ச் மாதம் தரையை மூடி வளர்வது காட்டுப்பூண்டு. தாவரவியலில் அல்லியம் உர்சினம். மரங்கள் துளிர்த்து நிழல் கவிவதற்குள் கிடைக்கும் வெயிலில் வளர்ந்து, ஏப்ரல், மே வாக்கில் வெள்ளைப் பூ விட்டு, கோடையில் மடிந்துவிடும். பெரும்பாலும் இலையைத்தான் சாப்பிடுவார்கள். பூக்குமுன் பறித்தால் இளசாக இருக்கும்.

1. அடையாளம் பாருங்கள். இதற்கு எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. இதே இடங்களில் நச்சுச் செடிகளும் முளைக்கும். காட்டுப்பூண்டில் ஒவ்வொரு இலையும் தனிக் காம்போடு மண்ணிலிருந்து வரும். இலை மென்மையாக இருக்கும், கசக்கினால் பூண்டு மணக்கும். லில்லி ஆஃப் தி வேலி என்ற நச்சுச் செடியில் ஒரே தண்டில் இரண்டு, மூன்று இலைகள் சேர்ந்திருக்கும். கோல்ச்சிக்கம் என்ற இன்னொரு நச்சுச் செடியின் இலைக்குக் காம்பே கிடையாது, விறைப்பாக நிற்கும். செங்காந்தளில் உள்ள அதே கோல்ச்சிசின் நஞ்சுதான் இதிலும், உயிரைப் பறிக்கும்.

மணத்தை மட்டும் நம்பாதீர்கள். நாலு இலை கசக்கியதுமே விரலில் பூண்டு வாசம் ஏறிவிடும். பிறகு எதை முகர்ந்தாலும் பூண்டாகவே தெரியும். அதனால் கொத்தாக அள்ளாமல், காம்பைப் பார்த்து ஒவ்வொன்றாகப் பறியுங்கள். சந்தேகம் வந்த இலையை விட்டுவிடுங்கள்.

2. ஒரு செடிக்கு ஓரிரு இலை போதும். கிழங்கைத் தோண்ட வேண்டாம். பிரிட்டனில் நில உரிமையாளர் அனுமதியின்றிக் காட்டுச்செடியை வேரோடு பிடுங்குவது சட்டப்படி குற்றம்.

3. நன்றாகக் கழுவி, துணியில் ஒற்றிக் காயவையுங்கள். ஈரம் தங்கினால் அரைத்த விழுது நீர்த்து, சீக்கிரம் கெடும்.

4. விழுது அரைக்கத் தேவையானவை: இலை 100 கிராம், லேசாக வறுத்த வால்நட் 50 கிராம், துருவிய கெட்டிச் சீஸ் 50 கிராம், ஆலிவ் எண்ணெய் 120 மில்லி, உப்பு அரை டீஸ்பூன். முதலில் வால்நட்டைப் பொடித்து, இலையைச் சேர்த்து, எண்ணெயை ஊற்றிக்கொண்டே விட்டு விட்டு அரையுங்கள். மிக்ஸியைத் தொடர்ந்து ஓட்டினால் விழுது சூடேறிக் கசக்கும். சீஸையும் உப்பையும் கடைசியில் கலக்குங்கள்.

5. ஃபிரிட்ஜில் வைத்து நாலைந்து நாளில் தீர்த்துவிடுங்கள், மிச்சத்தை உறையவையுங்கள். வெளியே வைக்கவே கூடாது. எண்ணெய்க்குள் காற்று புகாததால் பொட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சு நோயின் கிருமி நஞ்சை உண்டாக்கலாம், வாசனையில் தெரியாது.

சூப்பிலோ முட்டையிலோ இலையைப் போடுவதானால் அடுப்பை அணைக்கும்போது போடுங்கள். கொதித்தால் காரமும் மணமும் போய், வெறும் கீரைதான் மிஞ்சும்.