ரீகால் அறிவிப்பு வந்தால் கார் உரிமையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் நிறுவனம் ஒன்று, தான் விற்ற வண்டிகளில் பாதுகாப்பைப் பாதிக்கும் குறை இருப்பதைக் கண்டறிந்து, அவற்றைத் திரும்ப அழைத்துக் கட்டணமின்றிச் சரிசெய்து கொடுப்பதையே ரீகால் என்கிறோம். இத்தகைய செய்தியைப் படிக்கும் பலர், அந்த நிறுவனத்தின் கார்களைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு, தம் வீட்டு வாசலில் நிற்கும் வண்டி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்காமலே விட்டுவிடுகிறார்கள். குறையை நிறுவனம் ஒப்புக்கொண்டு, மாற்றுப் பாகமும் வந்து சேர்ந்த பிறகு, வண்டியை சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோகாத ஒரே காரணத்தால் ஆபத்து நீடிப்பது வேதனையானது.

'வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது' என்று இருந்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஜப்பானின் தகாட்டா நிறுவனம் தயாரித்த ஏர்பேக்குகளின் கதை இதற்குப் போதுமான சான்று. ஏர்பேக்கை நொடிப்பொழுதில் விரியச் செய்யும் உலோகக் குப்பிக்குள் அந்நிறுவனம் அம்மோனியம் நைட்ரேட் என்ற வேதிப்பொருளைப் பயன்படுத்தியது. காற்றின் ஈரப்பதமும் அன்றாட வெப்ப ஏற்ற இறக்கமும் ஆண்டுக்கணக்கில் பட்டுப்பட்டு அந்த வேதிப்பொருள் சிதைகிறது. அப்படிச் சிதைந்தது, விபத்தின்போது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிவதால் குப்பியே வெடித்து, அதன் உலோகத் துண்டுகள் ஓட்டுநரின் முகத்திலும் கழுத்திலும் பாய்கின்றன. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக் குப்பிகள் இதற்காகத் திரும்பப் பெறப்பட்டன. தகாட்டா 2017-இல் திவாலானது. மலேசியாவில், சாதாரண மோதலில் பிழைத்திருக்க வேண்டியவர்கள் சிலர் இந்தத் துண்டுகளால் உயிரிழந்தனர். இந்தியாவில் ஹோண்டா நிறுவனம் சிட்டி, சிவிக், ஜாஸ், அக்கார்டு உள்ளிட்ட கார்களைப் பல தவணைகளில் திரும்ப அழைத்தது.

இந்தக் குறைக்கு வெளியே தெரியும் அறிகுறி எதுவும் கிடையாது. ஸ்டீயரிங்கில் சத்தம் வராது, டாஷ்போர்டில் விளக்கு எரியாது. 'பழைய வண்டிதானே, இன்னும் எத்தனை நாள் ஓட்டப்போகிறோம்' என்று நினைப்பவர்கள், இந்தக் குப்பி வயது ஏற ஏறத்தான் மேலும் ஆபத்தாகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். வெயிலும் ஈரக்காற்றும் ஆண்டு முழுவதும் சேர்ந்தே இருக்கும் சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர நகரங்களில் பழைய கார் வைத்திருப்போர் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

அடுத்த தவறு, நிறுவனத்திடமிருந்து கடிதமோ குறுஞ்செய்தியோ வரட்டும் என்று காத்திருப்பது. அது பெரும்பாலும் வண்டியை முதலில் வாங்கியவரின் முகவரிக்கும் கைப்பேசி எண்ணுக்குமே போகிறது. வண்டி இரண்டு கை மாறியிருந்தால், அல்லது உரிமையாளர் வீடு மாறியிருந்தால், தகவல் வந்து சேரும் என்று நம்பியிருக்க முடியாது. ஆர்.சி.யில் உள்ள 17 இலக்கச் சேஸிஸ் எண்ணைக் கார் நிறுவனத்தின் இணையதளத்தில் ரீகாலுக்கான பகுதியில் கொடுத்து நாமே பார்த்துக்கொள்வதுதான் உறுதியான வழி. எண்ணைப் பதியும்போது ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும்: இந்த 17 இலக்க முறையில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் இடம்பெறுவதில்லை. ஆகவே ஓ போலத் தெரிவது பூஜ்யம். ஐ போலத் தெரிவது ஒன்று. ஓர் இலக்கத்தைத் தவறாக அடித்துவிட்டு, 'உங்கள் வண்டி பாதிக்கப்படவில்லை' என்ற பதிலை நம்பி நிம்மதியாக இருந்துவிடுவது பார்க்காமலே இருப்பதைவிட மோசம்.

மாடலின் பெயரை மட்டும் வைத்து முடிவுக்கு வருவதும் தவறு. 2023 ஜனவரியில் மாருதி சுசுகி ஏர்பேக்கை விரியச் சொல்லும் மின்னணுக் கருவியான ஏர்பேக் கன்ட்ரோலரில் இருந்த குறைக்காக ஆல்டோ கே10, பலேனோ, பிரெஸ்ஸா முதலிய மாடல்களில் 17,362 கார்களைத் திரும்ப அழைத்தபோது, 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை தயாரானவை மட்டுமே அதில் அடங்கின. இங்கே கணக்கில் வருவது தயாரிப்புத் தேதி. வண்டியை நாம் பதிவுசெய்த தேதி அன்று.

அதே அறிவிப்பில், பாகத்தை மாற்றும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம் என்றும் நிறுவனம் கேட்டுக்கொண்டது. இத்தகைய இடைக்கால அறிவுரைகளைப் பலர் படிப்பதே இல்லை. 2021-இல் அதே மாருதியின் சியாஸ், எர்டிகா, விட்டாரா பிரெஸ்ஸா, எஸ்-கிராஸ், எக்ஸ்எல்6 ஆகிய பெட்ரோல் கார்களில் 1,81,754 வண்டிகள் இன்ஜினுக்கு உதவுவதோடு மின்சாரமும் தயாரிக்கும் மோட்டார் ஜெனரேட்டர் யூனிட்டைச் சோதிக்க அழைக்கப்பட்டபோது, தேங்கிய நீரில் ஓட்ட வேண்டாம், மின் பாகங்கள் மீது நேரடியாகத் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லப்பட்டது. மழைக்காலத்தில் இதை அலட்சியப்படுத்த முடியாது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014-இல் சாவியைத் திருப்பி இன்ஜினை இயக்கும் இக்னிஷன் சுவிட்ச் குறைக்காகக் கார்களைத் திரும்ப அழைத்தபோது, சாவி வளையத்தில் கார் சாவியைத் தவிர வேறு எதையும் மாட்ட வேண்டாம் என்று உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது. சாவிக்கொத்தின் கனத்தாலோ குலுக்கலாலோ சுவிட்ச் நழுவினால், ஓடும்போதே இன்ஜின் நின்று, மோதலின்போது ஏர்பேக்கும் விரியாமல் போகும் நிலை இருந்தது. அக்குறையோடு தொடர்புடைய 124 மரணங்களுக்கு இழப்பீடு வழங்க அந்நிறுவனம் ஏற்படுத்திய நிதியம் ஒப்புதல் அளித்தது.

வாரண்டி முடிந்துவிட்டது, நாம் இரண்டாவது உரிமையாளர், இனி காசு கேட்பார்கள் என்று தயங்கிப் போகாமல் இருப்பவர்களும் உண்டு. ரீகால் வேலை வாரண்டியோடு சேர்ந்தது அன்று. அது வண்டிக்கு உரியது. அதே சமயம், வழக்கமான சர்வீஸையும் சேர்த்து முடித்துவிடலாம் என்று சர்வீஸ் சென்டரில் சொன்னால், ரீகால் வேலைக்குத் தனி ஜாப் கார்டு, அதாவது வேலை விவரச் சீட்டு, போடச் சொல்லுங்கள். எந்தப் பாகம் மாற்றப்பட்டது என்பது அதில் எழுத்தில் இருக்க வேண்டும். பாகம் இருப்பில் இல்லையென்றால் பதிவு செய்துவிட்டு, அடுத்த வாரமே மறுபடி கேளுங்கள். அவசரத்துக்குப் பழைய வண்டிகளை உடைக்கும் கடையிலிருந்து ஏர்பேக் வாங்கிப் பொருத்துவது மிகக் கொடிய யோசனை. திரும்பப் பெற வேண்டிய தகாட்டா ஏர்பேக்கே இந்த வழியில் வேறொரு காருக்குள் போய்ச்சேரக்கூடும்.

ஒருமுறை மாற்றியாயிற்று என்று மறந்துவிடவும் கூடாது. தகாட்டா விவகாரத்தில், ஆரம்பத்தில் மாற்றாகப் பொருத்தப்பட்ட குப்பிகளில் ஒரு பகுதியும் அதே வகையைச் சேர்ந்தவையாக இருந்ததால், அந்தக் கார்கள் இரண்டாம் முறையும் அழைக்கப்பட்டன.

அறிவிப்பே வராத குறையை நீங்கள் கண்டால், சர்வீஸ் சென்டரில் முணுமுணுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு உத்தரவிட மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளன. உரிமையாளர்களிடமிருந்து வரும் புகார்களின் எண்ணிக்கை, அந்த மாடலின் ஆண்டு விற்பனைக்கு ஏற்ப நிர்ணயிக்கப்பட்ட அளவைத் தொடும்போது அரசு விசாரணைக்கு எடுத்துக்கொள்கிறது. ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வண்டிகளுக்கே இது பொருந்தும் என்பதால், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் பரிவாகன் தளத்தில் புகாரைக் காலம் தாழ்த்தாமல் பதிவு செய்து, ஒப்புகை எண்ணை ஜாப் கார்டு நகலோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.