டர்போ லேகுக்குக் குழாயை மட்டும் குறை சொல்லாதீர்கள்

ஆக்சிலரேட்டரை மிதித்தபின் டர்போவின் காற்றழுத்தம் ஏறத் தாமதமாவதுதான் டர்போ லேக். பெரிய இன்டர்கூலர் குழாய் மாட்டியபின் இது தெரிந்தால், பழியைக் குழாய் மேல் போடத் தோன்றும். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயை 2 இன்ச் விட்டத்திலிருந்து 3 இன்ச்சுக்கு மாற்றினால், உள்ளே நிரம்ப வேண்டிய காற்று இரண்டேகால் மடங்காகும். 2 மீட்டர் குழாய்க்குக் கணக்குப் போட்டால் கூடுதலாகச் சுமார் 5 லிட்டர். 2 லிட்டர் எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் நொடிக்கு ஏறக்குறைய 50 லிட்டர் இழுக்கும். ஆக, தாமதம் நொடியில் பத்தில் ஒரு பங்குதான்! பெரிய டர்போவின் டர்பைன் (எஞ்சின் புகை சுழற்றும் சக்கரம்) வேகமெடுக்கும் நேரம் இதைவிட அதிகம்.

மாற்றியபின் வண்டி ரொம்பவே மந்தமாக இருந்தால் முதலில் கசிவைத் தேடுங்கள். டர்போவின் காற்று நுழையும் வாயை அடைத்து, பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) அளவைத் தாண்டாமல் காற்று ஏற்றி, ஒவ்வொரு சிலிக்கான் இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். பெரும்பாலும் கிளாம்ப் ஓரத்தில்தான் நுரை பொங்கும். குழாய் முனையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். இல்லையென்றால் பூஸ்ட் ஏறும்போது குழாய் கழன்றுவிடலாம்.