மென்பொருள் சொன்னது, கையெழுத்து உங்களுடையது

மழைக்காலத்தில் திருகோணமலையில் டெங்கு நோயாளர்கள் கூடும்போது, வார்டில் நிற்கும் வைத்தியர் சேலைன் அளவுக்குப் போனில் உள்ள செயலியைப் பார்ப்பது இயல்பு. பார்ப்பதில் பிழையில்லை. "அதுதானே சொன்னது" என்று பிறகு தப்பிக்கலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. நம் நாட்டில் கவனயீன வழக்குகளை டச்சுக்காரர் காலத்தில் வந்த ரோமன்-டச்சுச் சட்டப்படி விசாரிக்கிறார்கள். அதே தகுதியுள்ள நியாயமான வைத்தியர் அந்த இடத்தில் என்ன செய்திருப்பார் என்றுதான் நீதிமன்றம் கேட்கும்.

அடுத்தது, செயலி எந்த வழிகாட்டலை வைத்துக் கணக்கிடுகிறது என்று பாராமல் விடுவது. இலங்கையின் டெங்கு வழிகாட்டலில், வளர்ந்தவர் எவ்வளவு பருமனாக இருந்தாலும் ஆபத்துக் கட்டத்தில் (இரத்தக் குழாய்களிலிருந்து திரவம் கசியும் நேரத்தில்) கொடுக்கும் திரவ அளவை 50 கிலோவுக்கு மேல் கணக்கிடுவதில்லை. அப்போது 48 மணித்தியாலத்துக்கு 4,600 மில்லிலீற்றர் வரும். அந்த வரம்பை அறியாத வெளிநாட்டுச் செயலியில் 80 கிலோ என்று போட்டால், அதே சூத்திரம் 6,700 காட்டும். கூடுதலான இரண்டு லீற்றர் நுரையீரலைச் சுற்றித் தேங்கி மூச்சை அடைக்கலாம். சின்னப் பிழை என்று இதை யாரும் சொல்ல முடியாது.

மென்பொருள் காட்டும் எச்சரிக்கையைக் காரணம் எழுதாமல் மூடுவதும் அப்படித்தான். இரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு, கிருமிக்கொல்லியான மெட்ரோனிடசோலை எழுதும்போது, இரண்டும் சேர்ந்தால் இரத்தக்கசிவு கூடலாம் என்று திரை சிவக்கும். கொடுத்தே ஆக வேண்டிய நிலை இருக்கலாம், சரி. ஆனால் ஏன் கொடுத்தீர்கள், ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் பரிசோதனை) எப்போது பார்ப்பீர்கள் என்று நோயாளரின் வார்டுப் பதிவான பெட் ஹெட் டிக்கெட்டில் இரண்டு வரி எழுதுங்கள். எச்சரிக்கையை மூடிய நேரம் கணினியில் பதிவாகியிருக்கும். காரணத்தை நீங்கள்தான் எழுத வேண்டும்.

குடும்பங்களும் ஒன்றை அறிய வேண்டும். மூளைக் கட்டியைக் கண்டறியத் தவறிய ஒரு குழந்தையின் வழக்கில், 2001 இல் உயர் நீதிமன்றம் கவனயீனத்தை ஏற்றது. ஆனால் அதனால்தான் மரணம் நேர்ந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று இழப்பீட்டை மறுத்தது. தவறைக் காட்டினால் மட்டும் போதாது. அதனால்தான் கேடு வந்தது என்றும் காட்ட வேண்டும். ஆகவே பரிசோதனை அறிக்கைகளையும் டிஸ்சார்ஜ் கார்டையும் தொலைக்காமல் வையுங்கள்.

நோயாளரின் பெயரோடு அறிக்கையைப் படமெடுத்து ஏதோ ஒரு செயலியில் ஏற்றாதீர்கள். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைக் கூடுதல் பாதுகாப்புத் தேவைப்படும் விசேட வகையில் வைத்திருக்கிறது.

தனியார் வைத்தியசாலை நடத்துபவர்கள் ஒப்பந்தத்தை வாசிக்காமல் மென்பொருள் வாங்குகிறார்கள். சிகிச்சை முடிவுக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்ற வரி பெரும்பாலும் அதில் இருக்கும். வாங்குமுன் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். எந்த வழிகாட்டலைப் பின்பற்றுகிறது, கடைசியாகப் புதுப்பித்த திகதி என்ன என்பதை எழுத்தில் கேளுங்கள்.