இணையதளத்தில் படம் வரவில்லையா? மறுபடி அப்லோட் செய்யும் முன் இதைப் பாருங்கள்

படம் இருக்க வேண்டிய இடத்தில் கிழிந்த ஐகான் ஒன்று மட்டும் தெரிகிறது. உடனே பெரும்பாலானோர் செய்வது, அதே படத்தை இன்னொரு முறை அப்லோட் செய்வது. அதற்கும் மசியாவிட்டால் கேஷை, அதாவது முன்பு பார்த்தபோது சேமித்துவைத்த பிரதிகளை, அழிப்பது, வேறு பிரவுசரில் பார்ப்பது, கடைசியில் ஹோஸ்டிங் கம்பெனிக்கு போன் போட்டுச் சண்டை பிடிப்பது. இதில் எதுவும் கோளாறு எங்கே என்று சொல்லப்போவதில்லை. சில சமயம் தற்செயலாகச் சரியாகிவிடும், அதுதான் ஆபத்து. ஏன் சரியானது என்றே தெரியாததால் அடுத்த வாரம் வேறொரு பக்கத்தில் அதே கதை.

பிரவுசர் எந்த முகவரியைக் கேட்டது, சர்வர் என்ன பதில் சொன்னது என்ற இரண்டும் தெரியும்வரை எதையும் தொடாதீர்கள். கம்ப்யூட்டரில் எஃப்12 அழுத்தி, 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தை ரீலோட் செய்தால், பக்கம் கேட்ட ஒவ்வொரு ஃபைலும் ஒரு வரியாக வந்து நிற்கும். உங்கள் படத்தின் வரியில் 404 என்று இருந்தால் அந்த முகவரியில் ஃபைல் இல்லை. 403 என்றால் சர்வர் தர மறுக்கிறது. 500, 502 என்று 5-ல் தொடங்கினால் சர்வர் பக்கமே ஏதோ கோளாறு. எண்ணே இல்லாமல் 'பிளாக்டு' என்று வந்தால் கேள்வி சர்வர் வரை போகவே இல்லை, பிரவுசரிலேயே தடுக்கப்பட்டுவிட்டது.

ஏமாற்றுவது 200 என்ற எண்தான். 'எல்லாம் நலம்' என்று அதற்குப் பொருள், ஆனால் படம் வராது. பக்கத்தில் 'டைப்' என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே 'எச்டிஎம்எல்' என்று இருந்தால் சர்வர் படத்துக்குப் பதிலாக ஒரு வெப் பக்கத்தை அனுப்பியிருக்கிறது. லாகின் பக்கமாக இருக்கலாம், அல்லது 'நீங்கள் தேடியது கிடைக்கவில்லை' என்று அழகாக டிசைன் செய்த பக்கமாக இருக்கலாம். வரியையே சொடுக்கி வந்ததைப் படித்தால் விஷயம் தெரிந்துவிடும்.

என் கம்ப்யூட்டரில் வருகிறதே!

வரத்தான் செய்யும். விண்டோஸிலும் மேக்கிலும் வழக்கமான அமைப்பில் ஃபைல் பெயரின் கேப்பிடல், ஸ்மால் எழுத்து வேறுபாடு கணக்கில் வராது. ஹோஸ்டிங் சர்வர்கள் பெரும்பாலும் லினக்ஸில் ஓடுகின்றன, அங்கே ஓர் எழுத்து கேப்பிடலாக இருந்தாலும் அது வேறு ஃபைல். பல கேமராக்கள் ஃபைல் பெயரின் கடைசியில் வரும் ஜேபிஜி என்ற எக்ஸ்டென்ஷனைக் கேப்பிடலில் எழுதும். நாம் கோடில் ஸ்மால் எழுத்தில் அடித்திருப்போம். வீட்டில் ஓடும், சர்வரில் 404.

விண்டோஸ் எக்ஸ்டென்ஷனை மறைத்து வைப்பது இதோடு சேர்ந்த தலைவலி. பெயரை மாற்றும்போது நாமே '.ஜேபிஜி' என்று சேர்த்து அடிக்க, உள்ளே ஏற்கெனவே ஒன்று இருக்க, ஃபைல் 'லோகோ.ஜேபிஜி.ஜேபிஜி' ஆகிவிடும். எக்ஸ்ப்ளோரரில் எக்ஸ்டென்ஷன் தெரியும்படி வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

பாதையில் 'சி டிரைவ்' என்றோ 'லோக்கல்ஹோஸ்ட்' என்றோ இருப்பதைச் சொல்லவே வேண்டாம், அது உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது. பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் ஃபைலில் பின்னணிப் படம் கொடுக்கும்போது பலரும் தடுமாறுவது வேறிடம்: அங்கே பாதை சிஎஸ்எஸ் ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலிருந்து எண்ணப்படும், பக்கம் இருக்கும் இடத்திலிருந்து அல்ல.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள்

ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்கக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனிக் குறியீடு தரும் யூனிகோட் வந்தபின் எல்லா சிஸ்டமும் ஏற்றுக்கொள்கிறது. ஆனாலும் 'படம்' என்று பெயர் வைத்த ஃபைல் வருகிறது, 'கோலம்' என்று வைத்தது மட்டும் வரவில்லை என்ற வினோதம் நடக்கும்.

காரணம் 'ோ' என்ற குறி. யூனிகோடில் இதை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், முன்னால் வரும் 'ே', பின்னால் வரும் 'ா' என்று இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். 'ொ', 'ௌ' ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், கண்ணால் பிரித்தறிய வழியில்லை. மேக்கின் பழைய ஃபைல் அமைப்பு இவற்றைப் பிரித்தே எழுதிவைக்கும். நாம் கீபோர்டில் அடிப்பது பெரும்பாலும் சேர்ந்த வடிவம். லினக்ஸ் சர்வருக்குத் தமிழும் தெரியாது, யூனிகோட் சமன்பாடும் தெரியாது, பைட்டுக்குப் பைட் ஒப்பிட்டுப் பார்த்து 'அப்படி ஒரு ஃபைல் இல்லை' என்று சொல்லிவிடும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. யூனிகோடைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். பிரவுசர் அதைச் சதவீதக் குறி போட்டு அனுப்பும்போது ஒரு பைட் 3 எழுத்தாகும், ஒவ்வொரு குறியீடும் 9 எழுத்தாக நீளும். 'கோலம்' சேர்ந்த வடிவில் 5 குறியீடு, அதாவது 45 எழுத்து. பிரிந்த வடிவில் 6 குறியீடு, 54 எழுத்து. நெட்வொர்க் பகுதியிலிருந்து பக்கம் கேட்ட முகவரியில் ஃபைல் பெயரை மட்டும் எடுத்து எண்ணுங்கள். பிறகு சர்வரின் ஃபைல் பட்டியலில் உள்ள பெயரைக் காப்பி செய்து, அதையும் இப்படி மாற்றி எண்ணுங்கள். நீளம் வேறுபட்டால் இதுதான் கோளாறு.

நீளமே தனிப் பிரச்சினையும்கூட. லினக்ஸில் வழக்கமாக ஒரு ஃபைல் பெயருக்கு 255 பைட்தான் இடம், தமிழில் 85 குறியீடு. செய்தித் தலைப்பை அப்படியே ஃபைல் பெயராக வைப்பவர்கள் இதைச் சுலபமாகத் தாண்டிவிடுவார்கள். போதாததற்கு, ஒரு கம்ப்யூட்டரில் ஜிப் செய்து சர்வரில் பிரித்தால் பெயர்கள் கேள்விக்குறிகளாகவும் கோணல்மாணல் எழுத்துகளாகவும் மாறிப்போவதுண்டு.

தமிழ் மேல் பற்று இருந்தால் அதை ஆல்ட் வரியிலும் (படத்தில் என்ன இருக்கிறது என்று கோடில் எழுதும் வரி) படக்குறிப்பிலும் காட்டுங்கள். ஸ்கிரீன் ரீடர் படிப்பது ஆல்ட் வரியைத்தான். ஃபைல் பெயர் ஆங்கில ஸ்மால் எழுத்து, எண், நடுவில் ஹைஃபன் என்று இருந்துவிட்டுப் போகட்டும். இடைவெளியும் வேண்டாம். ஹாஷ் (#) குறி வேண்டவே வேண்டாம்: முகவரியில் அதற்குப் பின்னால் இருப்பது எதுவும் சர்வருக்குப் போகாது.

பெயரை மாற்றினால் வகை மாறாது

2017-ல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து ஐபோன் கேமரா வழக்கமாக எச்இஐசி வகையில் படம் எடுக்கிறது. குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதைக் காட்டுவதில்லை. சஃபாரி 17 முதல் காட்டுகிறது. விளைவு, கடைக்காரர் தன் ஐபோனில் பார்த்தால் எல்லாப் படமும் ஜம்மென்று இருக்கும், ஆண்ட்ராய்டில் பார்க்கும் வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியாது. எக்ஸ்டென்ஷனை மட்டும் ஜேபிஜி என்று மாற்றி அப்லோட் செய்தால் உள்ளே இருப்பது எச்இஐசியாகவே இருக்கும். படத்தைத் திறந்து ஜேபிஜியாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். இனி எடுப்பவற்றுக்கு ஐபோனின் கேமரா செட்டிங்கில் 'ஃபார்மட்ஸ்' போய் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று வைத்துவிடலாம். வெப்பி என்ற இன்னொரு பட வகையைப் பற்றி இன்று அவ்வளவு பயம் தேவையில்லை, அதைக் காட்டும் பிரவுசர்களோடு 2020-ல் சஃபாரி 14-உம் சேர்ந்துகொண்டது.

ஃபைலே கெட்டுப்போவதும் உண்டு. உங்களிடம் உள்ள ஃபைலின் அளவையும் சர்வரில் உள்ளதன் அளவையும் பைட் கணக்கில் ஒப்பிடுங்கள். சர்வரில் 0 என்றால் பெரும்பாலும் இடம் நிரம்பியிருக்கும். கொஞ்சம் மட்டும் வித்தியாசம் என்றால் சர்வருக்கு ஃபைல் அனுப்பும் எஃப்டிபியில் டெக்ஸ்ட் முறையில் அனுப்பியிருக்கலாம், அது வரி முடிவுக் குறிகளை மாற்றிவிடும். பிஎன்ஜி என்ற பட வகையை வடிவமைத்தவர்கள் இதை எதிர்பார்த்தே, இந்தச் சேதம் உடனே பிடிபடட்டும் என்று ஃபைலின் முதல் 8 பைட்டுக்குள் வரி முடிவுக் குறிகளைச் சேர்த்து வைத்தார்கள். அப்லோடே ஏறவில்லை என்றால் பல தளங்கள் சர்வரில் ஓட்டும் பிஎச்பி மொழியின் வரம்பைப் பாருங்கள், மாற்றாமல் விட்டால் ஒரு ஃபைலுக்கு 2 எம்பிதான்.

எச்டிடிபிஎஸ்-க்கு மாறிய பிறகு

தளம் எச்டிடிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்புக்கு மாறியிருக்கும், பழைய பதிவுகளில் பட முகவரி எச்டிடிபி என்றே கிடக்கும். குரோம் அதைத் தானாகவே எச்டிடிபிஎஸ் ஆக மாற்றிக் கேட்டுப் பார்க்கும். அங்கே கிடைக்காவிட்டால் படம் வராது.

எடிட்டரில் முகவரியைத் திருத்தியும் மொபைலில் மட்டும் வரவில்லை என்றால் எஸ்ஆர்சிசெட்டைப் பாருங்கள். திரைக்கு ஏற்ற அளவை பிரவுசரே தேர்ந்தெடுக்க ஒரே படத்தின் பல அளவுகளை அது பட்டியலிடும். தளங்களை நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் 2015 டிசம்பரில் வந்த 4.4 பதிப்பிலிருந்து இதைத் தானாகவே சேர்க்கிறது. நீங்கள் திருத்தியது ஒரு முகவரி, போன் கேட்பது இன்னொன்று. டேட்டாபேஸில் மொத்தமாக மாற்றுவதாக இருந்தால் பேக்கப் எடுத்துவிட்டு, வேர்ட்பிரஸுக்கென்றே உள்ள கருவியால் மாற்றுங்கள். நேரடியாகக் கை வைத்தால் சில செட்டிங்குகள் உடைந்துபோகும்.

அடுத்தவர் சர்வரில் இருக்கும் படம்

இதற்கு உத்தரவாதமே கிடையாது. 2017-ல் படங்களைச் சேமித்துவைக்கும் ஃபோட்டோபக்கெட் நிறுவனம், அவற்றை வேறு தளங்களில் காட்ட ஆண்டுக்குச் சுமார் 400 டாலர் கேட்டபோது, எத்தனையோ தளங்களில் படம் இருந்த இடத்தில் அறிவிப்புப் பலகைதான் நின்றது. கூகுள் டிரைவின் ஷேர் லிங்க்கைப் பட முகவரியாக ஒட்டுவதும் வீண்வேலை. அது படத்தைக் காட்டும் ஒரு பக்கத்தின் முகவரி, படத்தின் முகவரி அல்ல. ஃபேஸ்புக்கிலிருந்து காப்பி செய்த பட முகவரியில் காலாவதி நேரமே பொதிந்திருக்கிறது, இன்று வரும், சில நாளில் நின்றுவிடும்.

உங்கள் சர்வரிலேயே 403 வந்தால், யார் படிக்கலாம், யார் மாற்றலாம் என்று சொல்லும் அனுமதி எண்களைப் பாருங்கள்: ஃபைலுக்கு 644, ஃபோல்டருக்கு 755 போதும். யாரோ சொன்னார்கள் என்று 777 போடாதீர்கள், அது கதவைத் திறந்துபோட்டுவிட்டுத் தூங்கும் வேலை.

சிலருக்கு மட்டும் படம் வரவில்லை, அவர்கள் பிரவுசரில் 'பிளாக்டு' என்று காட்டுகிறது என்றால் ஆட் பிளாக்கராக இருக்கலாம். ஃபைல் அல்லது ஃபோல்டர் பெயரில் 'ஆட்ஸ்', 'பேனர்' போன்ற சொற்கள் இருந்தால் அது விளம்பரம் என்று தடுத்துவிடும். பெயரை மாற்றினால் தீர்ந்தது.

கேஷை அழிப்பது இத்தனைக்கும் பிறகுதான். சிடிஎன் (உங்கள் படங்களின் பிரதியை வேறு சர்வர்களில் வைத்துத் தரும் சேவை) வைத்திருந்தால் அது 404 பதிலையும் கொஞ்ச நேரம் நினைவில் வைத்திருக்கக்கூடும். முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு ஏதாவது ஓர் எண்ணைச் சேர்த்துத் திறந்து பாருங்கள். படம் வந்தால் கேஷ்தான், சிடிஎன்னில் பர்ஜ் செய்துவிடலாம், அதாவது சேமித்ததை அழித்துவிடலாம். அப்போதும் வராவிட்டால் ஹோஸ்டிங் கம்பெனிக்கு எழுதுங்கள்: படத்தின் முழு முகவரி, வந்த எண், பார்த்த நேரம், மொபைல் டேட்டாவிலும் இதே நிலையா என்பது. 'படம் வரலை சார்' என்று மட்டும் எழுதினால் 'கேஷை அழித்துப் பாருங்கள்' என்றுதான் பதில் வரும்.