வார்டு இன்சார்ஜ் ஆனதும் சறுக்கும் இடங்கள்

வென்ஃப்ளான் (மருந்து ஏற்ற ரத்தக் குழாயில் செருகும் சிறு குழாய்) போடுவதில் கெட்டிக்காரர், அவசர நேரத்தில் பதறாதவர். இப்படிப்பட்ட ஸ்டாஃப் நர்ஸைத்தான் பெரும்பாலும் வார்டுக்குப் பொறுப்பான இன்சார்ஜ் ஆக்குகிறார்கள். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது, பதவி மாறினாலும் கை பழையபடியே ஓடும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு வெயின் கிடைக்கவில்லையா, "தள்ளும்மா, நான் போடுறேன்" என்று ஊசியை வாங்கிவிடுவோம். முதல் சில மாதங்கள் நானும் அப்படித்தான் இருந்தேன். நான் லீவு போட்ட நாளில் வார்டு திண்டாடியதாம், அதைக் கேட்டு உள்ளுக்குள் பெருமை வேறு!

1859இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் எழுதிய நர்ஸிங் நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. தான் இல்லாத நேரத்திலும் வேலை சரியாக நடக்க என்ன ஏற்பாடு செய்திருக்கிறோம் என்று பொறுப்பில் இருப்பவர் யோசிக்க வேண்டும் என்கிறார். அவசர சிகிச்சைக்கான மருந்தும் கருவியும் வைக்கும் கிராஷ் கார்ட் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சுக்குழாயில் டியூப் போடத் தொண்டைக்குள் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பின் பல்பு எரிகிறதா, அட்ரினலின் தேதி முடிந்துவிட்டதா என்று தினமும் நீங்களே பார்த்தால் உங்களுக்கு மட்டும்தான் அது தெரியும். ஷிஃப்டுக்கு ஒருவர் பார்த்துக் கையெழுத்துப் போடட்டும், நீங்கள் நடுவில் சொல்லாமல் போய்த் திறந்து பாருங்கள்.

அடுத்தது டியூட்டி ரோஸ்டர். நேற்றுவரை கூடச் சாப்பிட்ட தோழி, "அக்கா, தீபாவளிக்கு மட்டும் நைட் போடாதீங்க" என்பார். ஒருமுறை விட்டுக்கொடுத்தால் போதும், வாயைத் திறந்து கேட்காத பெண்ணுக்கே எல்லாப் பண்டிகை நைட்டும் விழும். அவரும் சண்டை போட மாட்டார், ஒருநாள் ராஜினாமா கடிதத்தோடு வந்து நிற்பார். போன பொங்கலுக்கும் தீபாவளிக்கும் யார் டியூட்டி பார்த்தார்கள் என்று தனி நோட்டில் எழுதி, எல்லாரும் பார்க்கிற இடத்தில் வையுங்கள். அப்புறம் நீங்கள் விளக்கம் சொல்லவே தேவையிருக்காது.

மருந்து மாறிப்போனால் நோயாளியின் சொந்தக்காரர்கள் முன்னால் கத்துவது இன்னொரு தவறு. முதலில் நோயாளியைப் பாருங்கள், டாக்டருக்குச் சொல்லுங்கள். திட்டு வாங்கியவர் அடுத்த தவறை மறைத்துவிடுவார், அதுதான் ஆபத்து. பொட்டாசியம் குளோரைடு ஆம்பியூலும் (ஊசி மருந்துக் குப்பி) மற்ற மருந்துகளின் ஆம்பியூல்களும் ஒரே டிரேயில் கிடந்தால் தூக்கம் தொங்கும் அதிகாலை நாலு மணிக்கு எந்தக் கையும் மாற்றி எடுக்கும். கலக்காமல் நேரடியாக ரத்தக் குழாயில் ஏற்றினால் இதயத்தையே நிறுத்திவிடக்கூடிய மருந்து பொட்டாசியம் குளோரைடு. யார் எடுத்தது என்று விசாரிக்கும்போதே, அது அங்கே ஏன் கிடந்தது என்றும் கேளுங்கள். பொது வார்டில் அதை வைக்காமல் இருப்பதே நல்லது.

ஆள் பற்றாக்குறையை மேலிடத்தில் வாயால் மட்டும் சொல்லாதீர்கள். தேதி, நோயாளிகள் எண்ணிக்கை, டியூட்டியில் இருந்தவர்கள் எண்ணிக்கை, மூன்றையும் எழுதிக் கொடுங்கள்.

இன்சார்ஜ் ஆக எம்.எஸ்சி. நர்ஸிங் முடித்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். படிப்பு நல்லதுதான், ஆனால் வார்டுக்கு வேண்டிய பொருள்களை எழுதிக் கேட்கும் இன்டென்ட் போடுவதும் மார்ஃபின் போன்ற போதை மருந்து ரிஜிஸ்டரில் கணக்கு டாலி செய்வதும் வார்டில் உட்கார்ந்தால்தான் வரும். இப்போதைய இன்சார்ஜிடம் கேட்டு, ஒரு மாத ரோஸ்டரை நீங்களே போட்டுப் பாருங்கள். பத்தாம் தேதிக்குள் நாலு முறை அடித்துத் திருத்தியிருப்பீர்கள்.