லேடரில் முதலிடம் பிடித்த அணி ஃப்ளாக் ஜெயிக்குமா? ஒரு ஜீலாங் ரசிகை கணக்குப் போடும் விதம்

ஆகஸ்ட் பாதி தாண்டினால் எங்கள் அலுவலகத்தில் வேறு பேச்சே கிடையாது. ஆஸ்திரேலிய ஃபுட்டி லீக்கான ஏஎஃப்எல்லின் லேடரில் (புள்ளிப் பட்டியலில்) மேலே உட்கார்ந்திருக்கும் அணி, ஃபைனல்ஸ் நடக்கும் செப்டம்பரில் தாக்குப்பிடிக்குமா, இல்லை கவிழுமா என்பதுதான். நான் ஜீலாங்வாசி, அதனால் ஜீலாங் கட்சி. வீட்டுக்காரர் காலிங்வுட். யார் ஜெயிப்பார் என்று கணிக்கும் அலுவலக டிப்பிங் போட்டியின் கணக்குப் புத்தகம் என் கையில் இருப்பதால், புதிதாக ஃபுட்டி பார்க்க ஆரம்பித்தவர்கள் என்னிடம்தான் வந்து கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு எண்ணை எழுதிக்கொள்ளுங்கள்: 35 சதவீதம். ஏன் என்று சொல்கிறேன். 2025 வரை இருந்த டாப் 8 ஃபைனல்ஸ் முறை 2000இல் வந்தது. அதிலிருந்து 2025 வரை 26 சீசன்கள். லேடரில் முதலிடத்தில் முடித்த அணி 9 முறை ஃப்ளாக் (சாம்பியன் கோப்பை) வென்றிருக்கிறது. 9 முறை கிராண்ட் ஃபைனல் வரை போய்த் தோற்றது. 7 முறை அதற்கு முந்தைய ப்ரிலிமினரி ஃபைனலோடு கதை முடிந்தது. மீதி ஒன்று 2025 அடிலெய்டு. சொந்த மைதானத்தில் அடுத்தடுத்து இரண்டு தோல்வி, நேராக வீடு. 26இல் 9 என்றால் சுமார் 35. பதினெட்டு அணிகள் மோதும் போட்டியில் ஒரே அணிக்கு இது பெரிய பங்குதான். ஆனால் மூன்றில் இரண்டு முறை வேறு யாரோ கோப்பையைத் தூக்குகிறார்கள் என்பதும் உண்மை. சீசன் முழுக்க அவர்கள் எவ்வளவு அழகாக ஆடினாலும் 35இல்தான் தொடங்க வேண்டும். ஏற்றுவதும் இறக்குவதும் அதற்குப் பிறகு.

முதலிடத்தை விட டாப் 4 என்பதுதான் சொத்து. ஒன்றும் நான்கும் மோதும், இரண்டும் மூன்றும் மோதும்; இவைதான் குவாலிஃபையிங் ஃபைனல். ஜெயித்தால் ஒரு வாரம் ஓய்வு, அடுத்து ப்ரிலிமினரி ஃபைனல். தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. 2000க்குப் பிறகு டாப் 4க்கு வெளியிலிருந்து வந்து கோப்பை வென்றவை இரண்டே அணிகள்: 2016இல் ஏழாம் இடத்திலிருந்து வெஸ்டர்ன் புல்டாக்ஸ், 2024இல் ஐந்தாம் இடத்திலிருந்து பிரிஸ்பேன். ஆக, முதலிட அணிக்கு உண்மையான போட்டி பெரும்பாலும் டாப் 4இன் மற்ற மூன்று அணிகளிடமிருந்துதான். மற்றவர்களை ஒரு ஓரமாக வைத்துவிட்டு அந்த மூவரை மட்டும் கூர்ந்து பாருங்கள்.

அடுத்து அட்டவணை. ஒவ்வொரு அணிக்கும் 23 ஆட்டம். எதிரணிகள் 17. அதாவது 6 அணிகளோடு மட்டும் இரண்டு முறை மோத வேண்டும். அந்த ஆறு யார் என்பதில் முந்தைய ஆண்டு லேடருக்குப் பெரிய பங்குண்டு. மேலே முடித்தவர்களுக்குக் கடினம், கீழே முடித்தவர்களுக்குச் சற்று எளிது. அடிலெய்டு 2024இல் பதினைந்தாம் இடம். 2025இல் 18 வெற்றியோடு முதலிடம். ஆட்டம் நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அட்டவணையும் கைகொடுத்தது. ஆகவே மொத்த வெற்றி எண்ணிக்கையை மறந்துவிட்டு, டாப் 8 அணிகளுக்கு எதிரான ஆட்டங்களை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். யாரிடம் ஜெயித்தார்கள், எங்கே, எத்தனை புள்ளியில். கால் மணி நேர வேலை.

அந்தத் தாளில் தோல்விகளைத்தான் நான் அதிக நேரம் பார்ப்பேன். 2011இல் காலிங்வுட் 22 ஆட்டங்களில் 20 வெற்றி. தோற்ற இரண்டும் ஜீலாங்கிடம். அதிலும் கடைசிச் சுற்றில் 96 புள்ளி வித்தியாசம். கிராண்ட் ஃபைனலில் யார் வந்து நின்றார்கள்? ஜீலாங். 38 புள்ளியில் தோல்வி. அந்த ஆண்டு லேடரைப் பார்த்தவர்கள் காலிங்வுட் என்றார்கள், தோல்விப் பட்டியலைப் பார்த்தவர்கள் தயங்கினார்கள். (வீட்டில் இதைச் சொன்னால், 2008இல் ஃபைனல்ஸுக்கு முன் ஜீலாங்கின் ஒரே தோல்வி காலிங்வுட்டிடம் 86 புள்ளியில் என்று பதில் வரும். வரட்டும்.) டாப் 4க்குள் இருக்கும் ஓர் அணியிடம் ஒரே சீசனில் இரண்டு முறை தோற்றிருந்தால் 35இலிருந்து ஐந்தைக் கழித்துவிடுவேன்.

பெர்சன்டேஜ் பற்றி. போட்ட புள்ளிகளை விட்ட புள்ளிகளால் வகுத்து நூறால் பெருக்குவது அது. 2,300 போட்டு 1,800 விட்டிருந்தால் 127.8. வெற்றிக் கணக்கை விட இதுதான் அணியின் உண்மையான பலத்தைக் காட்டும் என்பது என் கட்சி. ஆனால் எங்கே சேர்த்த பெர்சன்டேஜ் என்று பார்க்க வேண்டும். எங்கள் ஊர் கார்டினியா பார்க் நீளமான, ஒடுங்கிய மைதானம். அகலம் சுமார் 115 மீட்டர். கிராண்ட் ஃபைனல் நடக்கும் மெல்பர்ன் மைதானமான எம்சிஜியின் அகலம் சுமார் 140. ஒடுங்கிய இடத்தில் பந்தை ஓரமாகவே ஓட்டிப் பழகிய அணி, பலவீனமான அணிகளை அங்கே 80, 90 புள்ளியில் அடித்து ஏற்றிய பெர்சன்டேஜை எம்சிஜிக்கு அப்படியே தூக்கிப் போக முடியாது. போதாததற்கு ஜீலாங்கின் ஹோம் ஃபைனல்களே பெரும்பாலும் எம்சிஜியில்தான் நடக்கும். 2013இல் அதிசயமாக ஒரு குவாலிஃபையிங் ஃபைனலைக் கார்டினியா பார்க்குக்குக் கொடுத்தார்கள். அதையும் ஃப்ரிமேன்டிலிடம் 15 புள்ளியில் கோட்டை விட்டோம்.

எம்சிஜி என்றதும் எல்லாரும் சொல்வது, விக்டோரியாவுக்கு வெளியே உள்ள அணிகளுக்கு அது சாபம் என்று. எண்ணிப் பார்த்தேன். அந்த 26 சீசன்களில் விக்டோரிய அணி 14 முறை முதலிடம், 7 ஃப்ளாக். வெளி மாநில அணி 12 முறை முதலிடம், 2 ஃப்ளாக்தான் (2004 போர்ட் அடிலெய்டு, 2006 வெஸ்ட் கோஸ்ட்). வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் தோற்ற பத்தில் எம்சிஜி கிராண்ட் ஃபைனல் வரை வந்து தோற்றவை நான்குதான்: 2014, 2016, 2024 சிட்னி, 2017 அடிலெய்டு. 2015 ஃப்ரிமேன்டில், 2020 போர்ட், 2025 அடிலெய்டு எல்லாம் தங்கள் ஊர்க் கூட்டத்தின் முன்னாலேயே வெளியேறியவை. 2024இல் சிட்னியை 60 புள்ளியில் நொறுக்கிய பிரிஸ்பேனும் வெளியூர் அணிதான். ஆகவே முழுப் பழியையும் மைதானத்தின் மேல் போடாதீர்கள். வெளி மாநில அணி என்றால் நான் கொஞ்சம் குறைப்பேன், அவ்வளவே. அந்த ஆண்டு அவர்கள் எம்சிஜியில் எத்தனை ஆட்டம் ஆடினார்கள், எப்படி ஆடினார்கள் என்று பார்த்துவிட்டுக் குறைப்பேன்.

இனி, பலரும் கவனிக்காமல் விடுவது: குறி. நடு இரண்டு உயரக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் கோல், 6 புள்ளி. பக்கத்துக் குட்டைக் கம்பத்துக்கும் உயரக் கம்பத்துக்கும் இடையே போனால் பிஹைண்ட், 1 புள்ளி. ஸ்கோரை 11.23 (89) என்று எழுதுவார்கள். 11 கோல், 23 பிஹைண்ட், மொத்தம் 89. இந்த ஸ்கோர் எனக்குத் தூக்கத்திலும் வரும். 2008 கிராண்ட் ஃபைனல், 22இல் 21 ஜெயித்து வந்த ஜீலாங்கின் ஸ்கோர் அது. ஹாத்தோர்ன் 18.7 (115). கோலையும் பிஹைண்டையும் கூட்டினால் எங்களுக்கு 34 முறை ஸ்கோர், அவர்களுக்கு 25, தோற்றது நாங்கள். அந்த 23 பிஹைண்டில் எல்லாமே குறி தவறியவை அல்ல; ஹாத்தோர்ன் தடுப்பாட்டக்காரர்கள் நெருக்கடி வந்தபோது பல முறை பந்தைத் தங்கள் கோட்டுக்குள் தாங்களே தள்ளி ஒரு புள்ளியைக் கொடுத்துத் தப்பினார்கள். வேண்டுமென்றே அப்படிச் செய்தால் ஃப்ரீ கிக் என்று 2009இல் விதி வந்தது. மறு ஆண்டு கதை திரும்பியது. 20 வெற்றியோடு முதலிடத்தில் இருந்த செயின்ட் கில்டா 9.14 (68), ஜீலாங் 12.8 (80). 2012இல் முதலிட ஹாத்தோர்ன் 11.15 (81), சிட்னி 14.7 (91). மூன்று ஆண்டும் அதிக முறை ஸ்கோர் எடுத்தது முதலிட அணி, கோப்பை போனது எதிரணிக்கு.

இதை வைத்து எப்படிக் கணிப்பது? கடைசி ஆறு வாரத்தின் ஸ்கோர்களை எடுங்கள். கோலையும் பிஹைண்டையும் கூட்டி, ஒவ்வோர் ஆட்டத்திலும் எந்த அணிக்கு அதிக வாய்ப்பு வந்தது என்று பாருங்கள். முதலிட அணி 17.5 அடித்து, எதிரணி 12.16 அடித்திருந்தால் அந்த வெற்றியைப் பாதி வெற்றியாக எண்ணுங்கள். அந்தக் குறி எல்லா வாரமும் வாய்க்காது. வாய்ப்புகளை உருவாக்கிக் குறி தவறித் தோற்றிருந்தால் கவலை வேண்டாம். ஆனால் ஃபைனல்ஸ் நெருங்கும்போது நேரே நின்று உதைக்கும் உதைகளையே ஃபார்வர்டுகள் வாரா வாரம் தவறவிட்டால், அது அதிர்ஷ்டத்தில் சேராது. அதற்கும் ஐந்து கழிப்பேன்.

உடம்பு. செப்டம்பரில் யார் ஆடுவார், யார் ஆட மாட்டார் என்பது லேடரில் தெரியாது. 2025 அடிலெய்டுக்கு நட்சத்திர வீரர் ஐசக் ராங்கின் தடையில் போய்விட்டார். காலிங்வுட்டை ஆகஸ்டில் அதே அடிலெய்டு ஓவலில் 3 புள்ளியில் வென்றவர்கள், குவாலிஃபையிங் ஃபைனலில் 24 புள்ளியில் தோற்றார்கள். அடுத்த வாரம் எட்டாம் இடத்து ஹாத்தோர்ன் 34 புள்ளியில் முடித்து வைத்தது. 2022இல் ஜீலாங் வேறு மாதிரி. நட்சத்திர வீரர் டேஞ்சர்ஃபீல்டை சீசன் நடுவில் சில வாரம் உட்கார வைத்தார் கோச் கிறிஸ் ஸ்காட். அப்போது திட்டினோம். செப்டம்பரில் அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டோம். சிட்னியை 81 புள்ளியில் வென்று கோப்பை வந்தது. தலையில் அடிபட்டு கன்கஷன் என்றால் குறைந்தது 12 நாள் ஆட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். ப்ரிலிமினரியில் அடிபட்டவர் கிராண்ட் ஃபைனலில் இல்லை.

குவாலிஃபையிங் ஃபைனலை எப்படிப் பார்ப்பது என்று கேட்பார்கள். முடிவை விட முதல் குவார்ட்டரைப் பாருங்கள். பந்து தரையில் கிடக்கும்போது யார் முதலில் குனிகிறார்கள், பந்து கிடைத்தவனுக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறதா, அவசரத்தில் கண்ணை மூடிக்கொண்டு உதைக்கிறானா. பின்தங்கி, கடைசியில் எழுந்து ஜெயிப்பதைப் பழக்கமாக வைத்திருக்கும் அணி எனக்குப் பயம் தரும். 2024இல் சிட்னி ஜிடபிள்யூஎஸ் அணியை அப்படித்தான் 6 புள்ளியில் தாண்டியது. கிராண்ட் ஃபைனலில் இரண்டாம் குவார்ட்டருக்குள் ஆட்டம் கை மீறிப் போனது, எழவே இல்லை.

அதே சமயம் முதல் ஃபைனலில் தோற்றால் அணியைப் பட்டியலிலிருந்து அடித்துவிடாதீர்கள். 2006இல் முதலிட வெஸ்ட் கோஸ்ட் தன் ஊரிலேயே சிட்னியிடம் ஒரு புள்ளியில் தோற்றது. சுற்றி வந்து கிராண்ட் ஃபைனலில் அதே சிட்னியை ஒரு புள்ளியில் வென்றது. 2025இல் பிரிஸ்பேன் எங்களிடம் 38 புள்ளியில் தோற்று, அதே மாதக் கடைசியில் எங்களையே 47 புள்ளியில் வென்று கோப்பையோடு போனது. நான் அப்படித் தோற்ற முதலிட அணிக்கு 20 வரை இறக்குவேன், அதற்குக் கீழே போக மாட்டேன். ஜெயித்து ஓய்வு எடுத்தால் 45. மேல் வரம்பு 50. அதைத் தாண்டி எந்த அணிக்கும், ஜீலாங்குக்கும் கூட, என் புத்தகத்தில் இடமில்லை. வியாழக்கிழமை இரவு அணிப் பட்டியல் வந்ததும் கடைசியாக ஒருமுறை திருத்திவிட்டு டிப்பைப் பதிந்துவிடுங்கள்.