காட்டுக்குள் ஒரு சிறு வீடு: ஒண்டாரியோவில் முதல் குளிர்காலத்தைக் கடப்பது எப்படி?

டொராண்டோவுக்கு வடகிழக்கே சுமார் 200 கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஹாலிபர்ட்டன் மேட்டுநிலம் சர்க்கரை மேப்பிள், பீச், மஞ்சள் பிர்ச், ஹெம்லாக் ஆகிய மரங்கள் அடர்ந்த காட்டுப் பகுதியாகும். அங்கே சிறிய வீடொன்றில் குழந்தைகளோடு எளிமையாக வாழ முடிவுசெய்யும் குடும்பம் முதலில் அஞ்சுவது குளிருக்குத்தான். ஜனவரி இரவுகளில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி செல்சியஸ் வரை இறங்கக்கூடும் என்பதால் அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் 300 சதுர அடிக்கும் குறைவான வீட்டைச் சூடாக்குவது எளிது; அதை ஈரமில்லாமல் வைத்திருப்பதுதான் அரிது. ஈர விறகு, ஈரக் காற்று, ஈரத் துணி ஆகிய மூன்றையும் கட்டுக்குள் வைத்துக்கொள்ளும் குடும்பம் முதல் குளிர்காலத்தைத் துன்பமின்றிக் கடந்துவிடும்.

வீட்டை வாங்குவதற்கோ கட்டுவதற்கோ முன்னால் உள்ளூராட்சி அலுவலகத்தில் இரண்டு செய்திகளைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். முதலாவது, அந்த நிலத்தில் ஆண்டு முழுவதும் குடியிருக்க அனுமதி உண்டா என்பது. மாகாணக் கட்டட விதிகளின்படி ஒரு வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு 17.5 சதுர மீட்டர், அதாவது 188 சதுர அடி. ஆயினும் உள்ளூராட்சிகள் தங்கள் எல்லைக்குள் இதைவிடப் பெரிய அளவை வற்புறுத்தலாம். இரண்டாவது, வீட்டுக்குச் செல்லும் சாலையில் குளிர்காலத்தில் பனி அகற்றப்படுமா என்பது. கோடைப் பயன்பாட்டுக்கு மட்டும் என வகைப்படுத்தப்பட்ட சாலைகளில் பனி அகற்றும் வண்டியோ பள்ளிப் பேருந்தோ வராது. குழந்தைகள் உள்ள வீட்டுக்கு, என் மதிப்பில், இந்த இரண்டாவது கேள்வியே முக்கியமானது.

விறகு

வெட்டிய பச்சை மரத்தின் எடையில் பாதி வரை நீராக இருக்கக்கூடும். அதை வீட்டைச் சூடாக்கும் விறகடுப்பிலிட்டால், எரிவதால் கிடைக்கும் வெப்பத்தில் கணிசமான பங்கு அந்த நீரை ஆவியாக்குவதிலேயே கழிந்துவிடும். மேலும், குளிர்ந்த புகை புகைபோக்கியின் உட்புறத்தில் கிரியோசோட் என்னும் தார் போன்ற படிவாக ஒட்டிக்கொள்ளும். புகைபோக்கியில் தீப்பிடிப்பதற்கு இந்தப் படிவே முதன்மைக் காரணம். ஆகவே ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிய விறகை மட்டுமே எரிக்க வேண்டும். கையடக்கமான ஈரமானியை வாங்கி, ஒரு கட்டையைப் புதிதாகப் பிளந்து, அந்த உட்பரப்பில் வைத்து அளந்து பாருங்கள்; வெளிப்பரப்பில் அளந்தால் கிடைக்கும் எண் ஏமாற்றிவிடும். மேப்பிள், பீச் போன்ற கடின மரங்களைப் பிளந்து அடுக்கிய பின் ஓராண்டு காயவிடுவது நல்லது. ஓக் மரத்துக்கு இரண்டு ஆண்டுகள் கூடத் தேவைப்படும். முதல் ஆண்டில் குடும்பத்திடம் அவ்வளவு அவகாசம் இருக்காது என்பதால், முந்தைய ஆண்டே பிளக்கப்பட்ட விறகை வசந்தகாலத்தில் விலைக்கு வாங்கி, கோடை முழுவதும் வெயிலிலும் காற்றிலும் வைத்திருப்பதே சிறந்த வழி. அக்டோபரில் ‘காய்ந்த விறகு’ என்று விற்கப்படுவதை அளந்து பார்க்காமல் வாங்காதீர்கள்.

வாங்கும்போது அளவைப் பற்றியும் தெளிவு வேண்டும். 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம் கொண்ட 128 கன அடி அடுக்கை ஒண்டாரியோவில் புஷ் கார்டு என்பார்கள். ஃபேஸ் கார்டு என்பதற்கு அதே உயரமும் நீளமும் உண்டு. ஆனால் அதன் அகலம் ஒரு கட்டையின் நீளமான 16 அங்குலம் மட்டுமே என்பதால், அது முழு அளவில் மூன்றில் ஒரு பங்குதான். விலையை ஒப்பிடும்போது புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். நல்ல வெப்பக்காப்பு உள்ள சிறு வீடாக இருந்தாலும் முதல் ஆண்டில் மூன்று புஷ் கார்டு கையிருப்பு வைத்திருங்கள். மிஞ்சினால் அது அடுத்த ஆண்டுக்கு இன்னும் நன்றாகக் காய்ந்திருக்கும். சிறிய அடுப்புகள் 16 அங்குலக் கட்டையை ஏற்காமல் போகலாம் என்பதால் அடுப்பின் உள்நீளத்தை அளந்த பிறகே விறகுக்குச் சொல்லுங்கள். ஆஷ் மரங்களை அழிக்கும் மரகதத் துளைப்பான் வண்டு 2002-இல் கனடாவில் கண்டறியப்பட்டது. அது விறகோடு சேர்ந்து பயணம் செய்து பரவுகிறது. ஆகவே விறகை அருகிலேயே வாங்குவது காட்டுக்கு நாம் செய்யவேண்டிய கடமை.

அடுக்கும்போது தரையில் மரச்சட்டங்களைப் போட்டு, காற்று புகும்படி ஒற்றை வரிசையாக அடுக்கி, மேற்பகுதியை மட்டும் மூடுங்கள். பக்கங்களையும் தார்ப்பாயால் மூடினால் உள்ளே ஈரம் தங்கிவிடும்.

அடுப்பு

பெரிய அடுப்பு வாங்கினால் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்பு. சிறு வீட்டில் அதனால் தீங்கே விளையும். வீடு தாங்கமுடியாத அளவுக்குச் சூடாகும்போது காற்றின் வரவைக் குறைத்து நெருப்பை அடக்குவோம். அடங்கிய நெருப்பு புகைந்து, காய்ந்த விறகிலிருந்தும் கிரியோசோட்டை உண்டாக்கும். சிறிய அடுப்பில் சுடர்விட்டு எரியும் சிறு நெருப்பே சிறந்தது. அடுப்பின் பின்புறத் தகட்டில் சுவருக்கும் அடுப்புக்கும் இருக்கவேண்டிய இடைவெளி பொறிக்கப்பட்டிருக்கும்; அதில் ஓர் அங்குலம் கூடக் குறையக் கூடாது. காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் வெட் (WETT) எனப்படும் விறகடுப்பு ஆய்வுக்கான சான்றிதழ் பெற்றவரின் ஆய்வறிக்கையைக் கேட்கும். அவர்கள் கேட்காவிட்டாலும் ஆய்வைச் செய்துகொள்ளுங்கள். புகைபோக்கியை ஆண்டுக்கு ஒருமுறையேனும் துப்புரவு செய்ய வேண்டும். முதல் ஆண்டில் குளிர்காலத்தின் நடுவிலும் ஒருமுறை உள்ளே பார்ப்பது நல்லது.

படுக்கை அருகே கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியும் புகை எச்சரிக்கைக் கருவியும் இல்லாமல் ஓர் இரவு கூட நெருப்பு மூட்டாதீர்கள். பரண் படுக்கையில் குழந்தைகள் உறங்குவதானால், அங்கிருந்து வெளியேறக்கூடிய சன்னல் இருக்க வேண்டும். அதை அவர்களே திறந்து பழகியிருக்க வேண்டும். சாம்பலை மூடியுள்ள உலோக வாளியில் அள்ளி, வீட்டுக்கு வெளியே, மரத்தளத்தை விட்டு விலக்கி வையுங்கள். அதற்குள் புதைந்த கங்கு சில நாள்கள் வரை உயிரோடிருக்கும். அடுப்பைச் சுற்றித் தடுப்புக் கம்பியும் அவசியம்.

ஈரக் காற்று

மூச்சாலும் வியர்வையாலும் மட்டும் ஒருவரிடமிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் காற்றில் சேர்கிறது. நால்வர் வாழும் சிறு வீட்டில் சோறு வடிப்பதும் குழம்பு கொதிப்பதும் துணி காய்வதும் இதோடு சேர்ந்தால், சன்னல்களில் நீர் வழிந்து, மூலைகளில் பூஞ்சை படரும். நம் சமையல் ஆவி மிகுந்தது என்பதால் தமிழ்க் குடும்பங்கள் இதில் கூடுதல் கவனம் செலுத்த வேண்டும். பாத்திரத்தை மூடிச் சமைப்பதும், சமையல் அடுப்புக்கு மேலே, வெளியே செல்லும் குழாயுடன் கூடிய விசிறி பொருத்துவதும் அடிப்படைத் தேவைகள். வெளியேறும் காற்றின் வெப்பத்தை உள்ளே வரும் காற்றுக்கு மாற்றித் தரும் காற்றோட்டக் கருவி விலை கூடியதுதான். ஆனாலும் இவ்வளவு சிறிய வீட்டில் நான் முதலில் பணம் ஒதுக்குவது அதற்கே. ஈரப்பதமானி ஒன்றைச் சுவரில் மாட்டி, 30 முதல் 40 விழுக்காட்டுக்குள் வைத்திருக்க முயலுங்கள். புகைபோக்கி இல்லாத எரிவாயுச் சூடேற்றிகள் வேண்டவே வேண்டாம். புரொபேன் எரியும்போது நச்சு வாயு உண்டாகும் ஆபத்து ஒருபுறமிருக்க, ஒரு கிலோ வாயு எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கும் மேலான நீராவி வீட்டுக்குள் சேரும்.

மெத்தையை நேரடியாகப் பலகை மீது போட்டால் அடிப்பக்கம் நனைந்து பூஞ்சை பிடிக்கும். இடைவெளி விட்ட சட்டங்களின் மேல் போட்டு, காலையில் நிமிர்த்தி வையுங்கள். பனியில் விளையாடித் திரும்பும் பிள்ளைகளின் காலணிகளையும் காற்சட்டைகளையும் களைவதற்கு வாசலில் மூடிய சிறு முன்னறை இருந்தால் வீட்டின் ஈரம் பெருமளவு குறையும். உடலை ஒட்டி அணியும் ஆடை கம்பளியாக இருக்கட்டும். பருத்தி வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடலைக் குளிரச் செய்யும். துணி காயும் கொடி அடுப்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும்.

சமையலும் சேமிப்பும்

விறகடுப்பின் மேற்பரப்பு பருப்பு வேகவும், வெந்நீர் எப்போதும் இருக்கவும், பக்கத்து அலமாரியில் இட்லி மாவு புளிக்கவும் உதவும். ஆனால் சிவப்பு ராஜ்மாவை அதில் மெல்ல வேகவைப்பது ஆபத்தானது. அதிலுள்ள நச்சுப் புரதம் மிதமான சூட்டில் அழியாது. ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, புது நீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிட்ட பிறகே அதை மெல்லிய நெருப்புக்கு மாற்ற வேண்டும். உருளைக்கிழங்கை இருளில், 4 டிகிரிக்குச் சற்று மேலான குளிரில் வையுங்கள். பூசணி சற்று வெதுவெதுப்பான, உலர்ந்த இடத்தில் சில மாதங்கள் தாங்கும். பியூட்டேன் நிரப்பிய சிறு கேஸ் அடுப்பை அவசரத்துக்கென நம்பியிருக்காதீர்கள். பூஜ்யம் டிகிரி அளவிலேயே அந்த வாயு ஆவியாக மறுக்கும்.

தண்ணீர்க் குழாய், நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே பதிக்கப்பட்டிருக்க வேண்டும் அல்லது சூடேற்றும் கம்பி சுற்றப்பட்டிருக்க வேண்டும். பனியை உருக்கித் தண்ணீர் எடுப்பது அவசரத்துக்கு மட்டுமே ஏற்றது. புதிதாகப் பெய்த பனி பத்து வாளி உருகினால் ஒரு வாளி நீர் கிடைக்கும். மரத்தூள் இட்டு மக்கச்செய்யும் கழிவறைக்கு ஒண்டாரியோவில் அனுமதி உண்டு. கை கழுவும் நீருக்குத் தனி வடிகால் ஏற்பாடு வேண்டும். டிசம்பர் இறுதியில் பகல் ஒன்பது மணி நேரத்துக்கும் குறைவு. நண்பகலிலும் சூரியன் 22 டிகிரிக்கு மேல் எழாததால் மரங்களுக்கிடையே சூரியத் தகடு அதிகம் தராது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே மின்னேற்றம் செய்தால் பழுதாகிவிடும் என்பதால் அதை வீட்டுக்குள்ளேயே வையுங்கள். இந்த அட்சரேகையில் குளிர்கால வெயில் தோலில் வைட்டமின் டி உருவாகப் போதாது. கருநிறத் தோலுள்ள நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு தேவை என்று மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.

மார்ச்சில் பகல் பூஜ்யத்துக்கு மேலும் இரவு கீழுமாக மாறி மேப்பிள் மரங்களில் சாறு ஏறத் தொடங்கும்போது, எஞ்சிய விறகை அளந்து குறித்துக்கொண்டு, அடுத்த குளிர்காலத்துக்கானதை அந்த மாதமே பிளந்து அடுக்கத் தொடங்குங்கள்.